மந்திரப் பெட்டியும் மகளின் நேர்முகத் தேர்வும்

நான்கு வருஷமாக இதை எழுத உட்காருகிறேன். தாளின் தலையில் "ஓம்" போட்டதும் எழுந்துவிடுகிறேன். படிக்கிறவர்கள் சிரிப்பார்களே என்ற கூச்சம் ஒரு பக்கம், அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். சாமி நம்பிக்கை இல்லாத நாலு பேர் இதைப் படித்துவிட்டு, "பார்த்தீங்களா, பக்தி பண்ணுன வேலையை" என்று சொல்லிவிடுவார்களோ என்பதுதான் பெரிய பயம். அதனால் முருகனிடமே பூப் போட்டுக் கேட்டேன். வெள்ளைப் பூ வந்தால் எழுத வேண்டும், சிவப்பு வந்தால் வாயை மூடிக்கொள்ள வேண்டும். வெள்ளை வந்தது. (இரண்டாவது தடவை கேட்டபோதுதான் வந்தது. உண்மையை எழுத உட்கார்ந்துவிட்டு அதை மறைக்கக் கூடாது.)

நான் அதிகம் படித்தவன் இல்லை. பந்திங் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளி, பிறகு படிவம் மூன்று, அதோடு சரி. பெயர் மணியம். இருபத்தேழு வருஷமாக லோரி ஓட்டுகிறேன். இரும்புக் கம்பி, சிமெண்ட், கூரை ஓடு என்று டெங்கில், காஜாங், கிள்ளான் எல்லாம் போய் இறக்கிவிட்டு வருவேன். பிரிக்பீல்ட்ஸில் ஐந்தாவது மாடியில் வாடகை வீடு. மனைவி சரஸ்வதி, ஒரே மகள் மேகலா.

ராகு காலத்தில் நான் எதையும் தொடங்க மாட்டேன். லோரியைக்கூடக் கிளப்ப மாட்டேன். ஆனால் வேலை என்று இருக்கிறதே! அதற்கு ஒரு வழி வைத்திருந்தேன். ராகு காலம் பிறப்பதற்கு ஐந்து நிமிடம் முன்னால் இஞ்சினை முடுக்கி விட்டுவிடுவேன். அது பாட்டுக்கு உறுமிக்கொண்டு நிற்கும். பிறகு ஆற அமரத் தேத்தண்ணீர் குடித்துவிட்டு எடுத்துக்கொண்டு போவேன். தொடங்கியது நல்ல நேரத்தில். அதற்கப்புறம் ராகுவால் ஒன்றும் செய்ய முடியாது. என் சீன முதலாளி முதலில் கத்தினார். பிறகு, "மணியம், உன் சாமிக்கு டீசல் வாசம் ரொம்பப் பிடிக்குமோ?" என்று மலாயில் கேட்பதோடு நிறுத்திக்கொண்டார்.

லோரிக்குச் சரியாக இருந்த இந்தக் கணக்கை நான் வீட்டு லேப்டாப்புக்கும் போட்டேன். என் அழிவு அங்கேதான் ஆரம்பமானது.

அந்த லேப்டாப் மேகலா ஆறாம் படிவம் படிக்கும்போது வாங்கியது. காலையில் அதில் பஞ்சாங்கம் பார்ப்பதும், கோயில் திருவிழா வீடியோ பார்ப்பதும் என் உரிமை. திறந்தால் போதும், மூலையில் ஒரு சின்னக் கட்டம் எட்டிப் பார்க்கும். அப்டேட் வந்திருக்கிறது, இப்போதே போடலாமா, பிறகா என்று கேட்கும். போடும்போது அணைக்கக் கூடாது, நேரம் பிடிக்கும், முடிந்ததும் தானாக அணைந்து எரியும் என்றெல்லாம் மேகலா விளக்கியிருந்தாள். அணைந்து மறுபடியும் எரிவது என்றால் புதிதாக ஒரு தொடக்கம். அதற்கு நேரம் பார்க்க வேண்டாமா?

பார்த்தேன். செவ்வாய்க்கிழமை ஆகாது. சனிக்கிழமை ஆகவே ஆகாது. மற்ற நாளில் ராகு காலம், எமகண்டம், குளிகை எல்லாம் போக மிச்சம் இருக்கும் நேரத்தில் நான் லோரியில் இருப்பேன். ஒரு தடவை வளர்பிறை, பஞ்சமி, நல்ல ஹோரை, எல்லாம் கூடி வந்தது. சாமி கும்பிட்டு, விரலைக் கொண்டுபோனேன். அடுப்படியில் சரஸ்வதி தும்மினாள். ஒற்றைத் தும்மல். விரலை எடுத்துவிட்டேன்.

"ஏங்க, அது மிளகாய் நெடிங்க!" என்றாள்.

"நெடியோ என்னவோ, தும்மல் தும்மல்தான்."

இப்படியே எட்டு மாதம் "பிறகு, பிறகு" என்று அழுத்தி வந்தேன். அது அலுக்காமல் கேட்டது; நானும் அலுக்காமல் மறுத்தேன்.

மேகலாவுக்குத் தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஆக வேண்டும். இது நேற்று வந்த ஆசை இல்லை. ஐந்து வயதில் வீட்டு வாசலில் கிடக்கும் செருப்புகளை வரிசையாக அடுக்கி வைத்து வருகைப்பதிவு எடுப்பாள். என் சப்பாத்துதான் பெரும்பாலும் மட்டம் போட்டிருக்கும், நான் லோரியில் போயிருப்பேன். ஆறாம் படிவம் முடித்து, ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பித்து, எழுத்துத் தேர்வில் தேறி, கடைசிப் படியாக நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. கணினி வழியாக, வீட்டிலிருந்தபடியே. வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி. இருபது நிமிடம்.

மகளைக் கட்டிப்பிடித்து வாழ்த்த வேண்டிய தகப்பன், மணியைத்தான் முதலில் பார்த்தேன்.

"மேகலா, வெள்ளிக்கிழமை பத்தரையிலேருந்து பன்னெண்டு வரைக்கும் ராகு காலம்மா."

"தெரியும்பா."

"நேரத்தை மாத்தித் தரச் சொல்லி ஒரு ஈமெயில் போட்டுப் பாரேன்."

"என்ன காரணம்னு போடறது? ராகு வர்றாருன்னா?"

சரஸ்வதி கீரை ஆய்ந்துகொண்டே, "அவருக்கும் ஒரு லிங்க் அனுப்பிடு லா. உள்ள வந்து ஓரமா உட்காரட்டும்" என்றாள். அம்மாவும் மகளும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

எங்கள் பக்கத்து வீட்டில் கவிதா என்று ஒரு பெண் இருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். மதுரைப் பக்கத்திலிருந்து வேலை விசாவில் வந்தவள். ஓர் அலுவலகத்தில் கணினிகளை ஒன்றோடு ஒன்று இணைத்துப் பார்த்துக்கொள்ளும் வேலை. புதன்கிழமை மாலை அவள் தன் வீட்டில் இருந்துகொண்டு, எங்கள் லேப்டாப்பில் மேகலாவுக்கு ஒரு வெள்ளோட்டம் நடத்தினாள். படம், சத்தம், வைஃபை எல்லாம் பிரமாதம். முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்தாள்.

"சார், அப்டேட் ஏகப்பட்டது பாக்கி இருக்கு. எல்லாம் பாதுகாப்பு விஷயம். நாளைக்குப் போட்டு விட்டுருங்க."

"நாளைக்கு அஷ்டமிம்மா."

கவிதா என் முகத்தைப் பார்த்தாள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று புரிந்துகொண்டாள். "சரி சார், நீங்க பாத்துப் பண்ணுங்க" என்று போய்விட்டாள். (அடுத்த வீட்டுப் பெண், மரியாதை தெரிந்தவள். கொஞ்சம் மரியாதை குறைவாக, இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் என் மகள் இன்று டீச்சர்.)

அப்டேட்டை ஒத்திப் போட்டவன் சும்மா இருந்தேனா? வியாழக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வரும் வழியில், பூக்கடைகளைத் தாண்டி ஒரு சாலையோரக் கடையில் அந்தப் பெட்டியைப் பார்த்தேன். உள்ளங்கை அளவு. மேலே தாமரைப் படம், சுற்றிலும் ஓடும் விளக்கு. நூற்றெட்டு மந்திரங்கள். பழைய மந்திரப் பெட்டி மாதிரி இல்லை, இது வைஃபையில் வேலை செய்யும். கைப்பேசியிலிருந்தே மந்திரத்தை மாற்றலாம், சத்தத்தைக் கூட்டலாம் குறைக்கலாம். ப்ளக்கைச் சொருகினால், "வணக்கம். இணைக்கப்படுகிறது" என்று ஒரு பெண் குரல் வரும். அதற்குப் பிறகு மந்திரம். ராகுவுக்குச் சரியான ஆள் கிடைத்துவிட்டது என்று வாங்கி வந்தேன்.

நடையில் சாமி மேடைக்குப் பக்கத்தில் அதைச் சொருகினேன். அணைந்து கிடந்த லேப்டாப்பை மேடைமேல் வைத்து, ஆயுத பூஜைக்கு வைப்பதுபோல் சந்தனம் குங்குமம் வைத்தேன். திரைக்கு மேலே நட்ட நடுவில் ஒரு பெரிய பொட்டு. அழகாக இருந்தது. மறுநாள் காலையில் மேகலா அதை ஈரத் துணியால் துடைத்தாள்.

"அப்பா, இது கேமரா."

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை நான் விடுமுறை எடுத்திருந்தேன். அன்று காலையில் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்து, சரியாகப் பத்தேகாலுக்கு, ராகு காலம் பிறக்குமுன், லேப்டாப்பை எரிய விட்டேன். லோரி இஞ்சின் மாதிரி அது உறுமிக்கொண்டு நிற்கட்டும். பெட்டி முந்தின நாளிலிருந்து ஓதிக்கொண்டே இருந்தது. ஒரு குறையும் இல்லை.

பதினொன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மேகலா மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு வந்து கூடத்தில் உட்கார்ந்தாள். "அப்பா, அந்தச் சத்தத்தை நிறுத்துங்க, ப்ளீஸ்பா. அவங்களுக்குக் கேக்கும்" என்றாள். ப்ளக்கைப் பிடுங்கினேன். வீடே அமைதியானது.

பதினொரு மணி. திரையில் மூன்று பேர் வந்தார்கள். நடுவில் தலைவி, முக்காடு போட்ட மலாய் அம்மையார், சாந்தமான முகம். ஒரு பக்கம் இன்னொரு அம்மையார். மறுபக்கம் கண்ணாடி போட்ட தமிழர் ஒருவர். நானும் சரஸ்வதியும் நடையில், கேமராவுக்குத் தெரியாமல் நின்றுகொண்டோம். முதல் கேள்வி மலாயில். மேகலா தண்ணீர் மாதிரிப் பேசினாள். சரஸ்வதி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு அந்தத் தமிழர் தமிழில் கேட்டார்: "வகுப்புல ஒரு பிள்ளை வாயே திறக்க மாட்டேங்குது. எத்தனை நாள் ஆனாலும் பேசல. நீங்க என்ன செய்வீங்க?"

மேகலா யோசித்தாள். ஐந்து விநாடி இருக்கும். அந்த ஐந்து விநாடியில் எனக்கு ஐந்து வருஷம் வயதானது. ராகு பிடித்துவிட்டான் என்று முடிவு கட்டினேன். பெட்டியை நிறுத்தியதுதான் தப்பு! பெட்டியின் பின்னால் இருந்த குமிழைத் திருகிச் சத்தத்தைப் பூஜ்ஜியத்தில் வைத்தேன். சத்தமில்லாமல் ஓதட்டும், சாமிக்குக் கேட்கும். கண்ணை மூடிக்கொண்டு ப்ளக்கைச் சொருகினேன்.

"முதல்ல நான் வாயை மூடுவேன் ஐயா," என்று மேகலா ஆரம்பித்தாள். "அந்தப் பிள்ளை பேசறதுக்கு இடம்..."

அத்தோடு நின்றது. எட்டிப் பார்த்தேன். திரை முழுக்க நீலம். அதில் ஒரு சோக முகம் போட்டிருந்தது. (எங்களுக்கு முன்னால் அந்த லேப்டாப்பே துக்கம் காட்டிவிட்டது.)

"அப்பா!" என்றாள். நான் சட்டென்று ப்ளக்கைப் பிடுங்கிவிட்டேன். திருடன் கையைப் பின்னால் மறைப்பானே, அந்த மாதிரி.

லேப்டாப் தானாக அணைந்து தானாக எரிந்தது. அதுவும் ராகு காலத்தில்! பத்தேகாலுக்கு நான் செய்த ஏற்பாடெல்லாம் வீண். மேகலா மறுபடியும் உள்ளே நுழைந்தாள். மன்னிப்புக் கேட்டாள். "பரவாயில்லை, நிதானமாகச் சொல்லுங்கள்" என்று தலைவி மலாயில் சொன்னது எனக்கும் கேட்டது. தங்கமான அம்மா. என் மகள் மறுபடியும் அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள்.

இங்கே என் மூளை எப்படி வேலை செய்தது என்று நேர்மையாக எழுத வேண்டும். பெட்டி ஓதாதபோது மேகலா திணறினாள். அதைச் சொருகியும் லேப்டாப் விழுந்தது. அப்படியானால் சொருகியது போதவில்லை. இப்போது ராகு காலத்திலேயே லேப்டாப் எரிந்திருக்கிறது, ஆபத்து இரண்டு மடங்கு. துணை வேண்டும். சொருகினேன்.

நீலம். சோக முகம்.

"கடவுளே!" என்று சரஸ்வதி வாயைப் பொத்திக்கொண்டாள். மேகலா அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ப்ளக்கைப் பிடுங்கினேன். அது எரிந்து வந்தது. அவள் நுழைந்தாள். மறுபடியும் மன்னிப்பு. தலைவியின் குரலில் இப்போது சாந்தம் கொஞ்சம் குறைந்திருந்தது. நேரம் அதிகம் இல்லை என்றார்.

மூன்றாவது தடவை என்ன நினைத்தேன் தெரியுமா? சாமி பேரைச் சத்தமில்லாமல் வைத்ததுதான் குற்றம் என்று நினைத்தேன். தெய்வத்தின் வாயைப் பொத்திவிட்டு உதவி கேட்டால் அது எப்படிக் கேட்கும்? குமிழைத் திருகிச் சத்தத்தை முழுக்கக் கூட்டினேன். சொருகினேன். "வணக்கம். இணைக்கப்படுகிறது" என்று வீடு அதிர்ந்தது. நீலம்.

மேகலா எழுந்து, தன் கைப்பேசியை எடுத்து, அதன் வழியாக உள்ளே நுழைந்தாள். ஒரு கையில் கைப்பேசி, ஒரு கையால் புடவைத் தலைப்பைப் பிடித்தபடி நின்றுகொண்டே பேசினாள். மறுபடியும் மன்னிப்பு. பின்னணியில், நான் பிடுங்க மறந்த பெட்டி உச்சக் குரலில் ஓதிக்கொண்டிருந்தது. தலைவி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒதுக்கிய நேரம் முடிந்துவிட்டது, அடுத்தவர் காத்திருக்கிறார் என்று சொல்லி, தெரிமா காசி என்று நன்றியோடு முடித்தார். திரை இருண்டது.

மேகலா கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பகல் ஒரு மணிக்குச் சரஸ்வதி அழுதுகொண்டே கவிதாவைக் கூட்டிவந்தாள். அன்று அவளுக்கு வீட்டிலிருந்தே வேலை. லேப்டாப்பைத் திறந்து ஏதேதோ தட்டிப் பார்த்தாள்.

"புதன்கிழமை நல்லா இருந்துச்சே... சார், விழறதுக்கு முன்னாடி வீட்ல யாராவது எதையாவது பண்ணீங்களா?"

"ஒண்ணும் பண்ணலம்மா. சாமிதான் கும்பிட்டேன்."

"எப்படிக் கும்பிட்டீங்க?"

என் ஐம்பத்திரண்டு வயதில் அப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. பெட்டியைக் காட்டினேன். கவிதா அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு லேப்டாப் எரிந்துகொண்டிருக்கும்போதே அதைச் சொருகினாள். "வணக்கம். இணைக்கப்படுகிறது." ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுவதற்குள் நீலம். பிடுங்கினாள், எரிய விட்டாள், சொருகினாள். நீலம். இன்னொரு தடவை செய்யக் கையைக் கொண்டுபோனாள்.

"வேணாம்மா," என்றேன். "புரிஞ்சிருச்சு."

புரியவில்லை, என்னவோ பயங்கரம் என்பது மட்டும் புரிந்தது. கவிதாதான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விளக்கினாள்.

"சார், வைஃபைல எது போனாலும் சின்னச் சின்னப் பாக்கெட்டாத்தான் போகும். ஒவ்வொரு பாக்கெட் மேலயும் எங்கேருந்து வருது, யாருக்குப் போகுது, உள்ள எவ்வளவு இருக்குன்னு எழுதியிருக்கும். இந்தப் பொட்டி இருக்கே, வைஃபைல சேரும்போதெல்லாம் வீட்ல இருக்கற எல்லா மிஷினுக்கும் 'நான் வந்துட்டேன்'னு ஒரு பாக்கெட் அனுப்புது. அதைக் கோணலா அனுப்புது. மேல எழுதியிருக்கறது ஒண்ணு, உள்ள இருக்கறது ஒண்ணு."

"நாசி லெமாக் சோத்துப் பொட்டலம் மாதிரியா?"

"அப்படியே வெச்சுக்கோங்க. மேல ரெண்டு முட்டைன்னு எழுதியிருக்கு, உள்ள முட்டையே இல்ல. மனுஷன்னா கடைக்காரரைத் திட்டிட்டுச் சாப்பிட்டுருவான். உங்க லேப்டாப் எழுதினதை அப்படியே நம்பிடுது. முட்டையைத் தேடிக் கையை விட்டுக்கிட்டே போவுது. இலை கிழிஞ்சு, மேசையைத் தாண்டி, சுவரைத் தாண்டி, கடைசில நான் யாரு, எங்க இருக்கேன்னே தெரியாம விழுந்துருது."

"இவர மாதிரியேதான்," என்றாள் சரஸ்வதி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"இந்த ஓட்டை உங்க லேப்டாப்ல மட்டும் இல்ல சார், அதே மாதிரி ஏகப்பட்ட மிஷின்ல இருந்துச்சு. கெட்டவங்க இதை வேணும்னே பண்ணுவாங்க. எதையும் திருட மாட்டாங்க, எதையும் படிக்க மாட்டாங்க. ஒரே ஒரு கோணல் பாக்கெட் அனுப்பி ஆளைப் படுக்க வெச்சிருவாங்க. எழுந்தா திரும்பவும் அனுப்புவாங்க. அவ்ளோதான் வேலை. அந்த நேரத்துக்கு அந்த மிஷின் யாருக்கும் உதவாது."

எங்கள் வீட்டில் கெட்டவன் யாரும் இல்லை. குடும்பத் தலைவரே அந்த வேலையைச் செய்தார், திருநீறு பூசிக்கொண்டு.

"அப்போ... சாமி பேருனாலயாம்மா?" என்று கேட்டேன்.

"ஐயோ, சாமி பேருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல சார். அந்தப் பொட்டியில சினிமாப் பாட்டு இருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். பொட்டி மட்டம். அதைத் தாங்கற தெம்பு உங்க லேப்டாப்புக்கு இல்ல. அந்தத் தெம்புக்கான மருந்து எட்டு மாசத்துக்கு முன்னாடியே வந்திருக்கு." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்: "தினமும் கேட்டிருக்குமே சார்."

கேட்டது. தினமும் கேட்டது.

அப்போதுதான் பார்த்தேன், அறைக்கதவு திறந்திருந்தது. மேகலா நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை.

"எத்தனை தடவைப்பா சொருகுனீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். கவிதா என்னைக் காட்டிக்கொடுத்திருக்க மாட்டாள்.

"மூணு."

"நான் அந்தப் புவான்கிட்ட, அந்தத் தலைவியம்மாகிட்ட, மூணு தடவை மன்னிப்புக் கேட்டேன்," என்றாள். அவ்வளவுதான். திட்டவில்லை. திட்டினால் நான் பிழைத்திருப்பேன். பிறகு, "நீங்க ஒண்ணுமே பண்ணாம இருந்திருந்தா போதும்பா" என்றாள். வெள்ளிக்கிழமை விளக்கேற்ற இன்னும் நேரம் இருந்தது. ஆனாலும் அவள் நேரே சாமி மேடைக்குப் போய் விளக்கை ஏற்றினாள், நெற்றியில் திருநீறு இட்டுக்கொண்டாள். நான் பின்னால் நின்றேன். கும்பிடக் கை மேலே எழவில்லை. வருஷக்கணக்காக இரும்புக் கம்பி ஏற்றி இறக்கிய கை.

கவிதா போவதற்கு முன் அந்த அப்டேட்டைப் போட்டாள். நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, பஞ்சாங்கத்தைப் பார்க்கவில்லை. பதினேழு நிமிடம் ஆனது. நேர்முகத் தேர்வைவிட மூன்று நிமிடம் குறைவு. முடிந்ததும் அவள் பெட்டியைச் சொருகினாள். "வணக்கம். இணைக்கப்படுகிறது." லேப்டாப் அசையவில்லை. ஒன்றுமே நடக்காததுபோல் எரிந்துகொண்டு நின்றது. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

நடந்ததை விளக்கி மறுவாய்ப்புக் கேட்டு ஒரு கடிதம் அனுப்பினோம். கவிதா தொழில் விவரங்களை எழுதிக்கொடுத்தாள். மேகலா மலாயில் எழுதினாள். அனுப்புமுன் நான் சாமியிடம் வைக்கப் போனேன், இருவரும் ஒரே குரலில் "வேண்டாம்" என்றார்கள். இரண்டே வரியில் பதில் வந்தது. விண்ணப்பதாரர் பக்கத்துக் கருவிக் கோளாறுக்கு மறுவாய்ப்பு இல்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கோளாறு அவள் பக்கத்தில்தான் இருந்தது, நடையில், வேட்டி கட்டிக்கொண்டு.

அடுத்த வருஷம் மேகலா மறுபடியும் விண்ணப்பித்தாள். நேர்முகத்துக்கே அழைப்பு வரவில்லை. அதற்கு நான் எதையும் சொருகவில்லை, ஆனாலும் வீட்டில் யாரும் என்னை நேராகப் பார்க்காததுபோல் எனக்கு இருந்தது. அதற்குப் பிறகு அவள் விண்ணப்பிக்கவில்லை. கிள்ளானில் கப்பல் சரக்குகளுக்குப் பத்திரம் தயார் செய்யும் ஓர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். கடவுள் அவளுக்கு வேறு நல்ல வழி வைத்திருந்தார் என்று இங்கே எழுத எனக்கு ஆசைதான். வைத்திருக்கலாம். இன்னும் எனக்குக் காட்டவில்லை. வாய் திறக்காத அந்தப் பிள்ளையைப் பற்றி அவள் சொல்ல வந்த பதிலின் மீதியை நான் இதுவரை கேட்கவும் துணியவில்லை.

சாமி கும்பிடுவதை நான் விடவில்லை. லோரியை இன்றைக்கும் ராகு காலத்தில் கிளப்புவதில்லை. ஆனால் லேப்டாப்போ கைப்பேசியோ அப்டேட் கேட்டால், அஷ்டமியாக இருந்தாலும் நவமியாக இருந்தாலும் "இப்போதே" என்று அழுத்திவிடுகிறேன். கடவுளிடம் கேட்பதையும் சுருக்கிக்கொண்டேன். முன்பெல்லாம் பட்டியல் போட்டுக் கேட்பேன். இப்போது, "என்னால யாருக்கும் இடைஞ்சல் வராமப் பாத்துக்க" என்பதோடு சரி.

மேகலாவுக்குப் போன வருஷம் கிள்ளானில் கல்யாணம் நடந்தது. நல்ல பையன், நல்ல குடும்பம். நிச்சயதார்த்தத்துக்கு முன்பே கதை அவர்கள் வரைக்கும் போயிருந்தது. முகூர்த்தம் நெருங்கும்போது மாப்பிள்ளையின் அம்மா மேடையிலிருந்தே என்னைப் பார்த்து, "சம்பந்தி, தாலி ஏறுற வரைக்கும் நீங்க எதையும் சொருகாம இருந்தா போதும் லா!" என்றார். மைக் பக்கத்தில் இருந்தது. முந்நூறு பேர் சிரித்தார்கள். சரஸ்வதியின் தம்பிமார் இரண்டு பேரும் ஓடிவந்து ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள். தாரை வார்த்துக் கொடுக்க மட்டும் விட்டார்கள், பிறகு மறுபடியும் பிடித்துக்கொண்டார்கள். பெண்ணைப் பெற்றவன் கைதி மாதிரி நின்று தாலி கட்டுவதைப் பார்த்தேன். மாலைக்கு மேலே மேகலாவின் முகம் தெரிந்தது. சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. என் கைகளை அவர்கள் இன்னும் இறுக்கிப் பிடித்திருந்தால்கூட வலித்திருக்காது.

இப்போது எங்கள் சொந்தத்தில் ஒரு பரீட்சை, ஒரு பிரசவம், ஒரு பயணம் என்றால் முதலில் எனக்குத்தான் போன் வரும். "மாமா, சாமி கும்பிடுங்க. ஆனா எதையும் சொருகிடாதீங்க." பிள்ளைகள் வரைக்கும் பரவிவிட்டது.

பரவியதோடு மாறியும்விட்டது. காஜாங்கில் லேப்டாப் வெடித்துவிட்டதாகச் சொல்கிறார்கள். பந்திங்கில் மேகலா மயங்கி விழுந்தாளாம். சாமியே கோபித்துக்கொண்டு திரையில் முகம் காட்டியதாக ஒருவர் கோயிலில் வைத்து என்னிடமே சொன்னார். சரஸ்வதி சொல்லும்போது நான் ஒரே ஒரு தடவைதான் சொருகினேன் என்பாள். என்மேல் உள்ள பாசம்.

ஆகையால் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். யாருக்காவது அனுப்புவதானால் இப்படியே அனுப்புங்கள். லேப்டாப் வெடிக்கவில்லை. என் மகள் மயங்கவில்லை, கடைசி வரை நின்றுகொண்டு பேசினாள். சாமி மேல் ஒரு குற்றமும் இல்லை. சொருகியது நான். மூன்று தடவை. தயவு செய்து அந்த எண்ணை யாரும் குறைத்துவிட வேண்டாம்.